சேர்த்து அனுப்பினா செலவு குறையும். மிச்சம் யார் கைக்குப் போகும்? தூத்துக்குடி சொல்லும் கப்பல் கணக்கு

இந்த எபிசோட் ஒரு டெலிவரி சார்ஜ்ல ஆரம்பிக்குது. அங்கிருந்து 1906ம் வருஷத்துத் தூத்துக்குடிக்குப் போய், இன்னைக்கு அதே ஊர் துறைமுகத்துல நிக்கிற கன்டெய்னர்ல வந்து முடியும்.

டொரன்டோவுல இருக்கிற ஒருத்தர் ஊர்ல இருந்து மூணு பொருள் வாங்கணும்னு நினைக்கிறார்னு வைங்க. ஒரு கடையில வேட்டி சட்டை, இன்னொரு கடையில நாலு புத்தகம், மூணாவது கடையில கருப்பட்டியும் கோவில்பட்டி கடலை மிட்டாயும். மூணு கடையும் தனித்தனியா கனடாவுக்கு அனுப்பினா, பொருளோட விலையை விட அனுப்புற செலவு அதிகமா வந்து நிக்கும். அதனால இப்ப பலரும் ஒரு வழி பண்றாங்க. இந்தியாவுலயே ஒரு கிடங்கு முகவரி வாங்கிக்கிறாங்க. மூணு பார்சலும் அங்க வந்து சேரும். கிடங்குக்காரர் அட்டைப்பெட்டிகளைப் பிரிச்சு, எல்லாத்தையும் ஒரே பெட்டியில அடுக்கி, ஒரே பில்லுல அனுப்பி வைப்பார். இதுக்குப் பேர் கன்சாலிடேஷன். நம்ம பாஷையில, சரக்கைச் சேர்த்துக் கட்டுறது.

ஏன் செலவு குறையுது? ரெண்டே காரணம்தான்.

முதல் காரணம், ஒரு பார்சலை அனுப்புற செலவுல பெரும்பகுதி எடைக்கு இல்ல. வந்து எடுக்குறது, ரசீது போடுறது, சுங்கத்துக்குத் தாள் தயார் பண்றது, கடைசியில ஒரு வீட்டு வாசல்ல போய் நிக்கிறது, இதெல்லாம் பார்சலுக்கு ஒரு தடவை. உள்ள ஒரு கிலோ இருந்தாலும் அஞ்சு கிலோ இருந்தாலும் அதே வேலைதான். கணக்குக்காக முதல் கிலோவுக்கு 2000 ரூபாய், அதுக்கு மேல ஒவ்வொரு கிலோவுக்கும் 600 ரூபாய்னு வைப்போம். மூணு ஒரு கிலோ பார்சலைத் தனித்தனியா அனுப்பினா 6000. ஒண்ணா அனுப்பினா 3200. என்னை மாதிரி கோடு எழுதுறவங்களுக்கு இது பழகின விஷயம்தான். சர்வருக்கு நூறு தடவை தனித்தனியா போய்ட்டு வர்றதை விட, நூறையும் ஒரே பேட்ச்ல அனுப்பினா வேலை சீக்கிரம் முடியும்.

ரெண்டாவது காரணம் காத்து. ஆமா, பெட்டிக்குள்ள இருக்கிற வெறும் காத்து. கூரியர் கம்பெனிகள் எடையை மட்டும் பார்க்கிறது இல்ல. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல வகுப்பாங்க. வர்ற எண்ணும் நிஜ எடையும், ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் காசு. 60க்கு 40க்கு 40 பெட்டியில ஆறு கிலோ துணி இருந்தாலும், கணக்குப்படி அது 19.2 கிலோ. மூணு கடைக்காரர் மூணு பெரிய பெட்டியில போட்ட பொருளை ஒரு சின்ன பெட்டியில இறுக்கி அடுக்கினா, காத்துக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

இது வரைக்கும் எல்லாருக்கும் லாபம் மாதிரிதான் தெரியுது. எனக்கு இருக்கிற கேள்வி வேற. சேர்த்துக் கட்டுறதுனால ஒரு தொகை மிச்சமாகுது, சரி. அந்த மிச்சம் யார் கைக்குப் போகுது? பொருளை அனுப்புறவருக்கா, வாங்குறவருக்கா, நடுவுல நின்னு கட்டுறவருக்கா? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே ரத்தமும் சிறையுமா பதில் தேடின ஊர் தூத்துக்குடி.

முத்தும் உப்பும் நடுவுல இருக்கிறதும்

முதல்ல ஒரு சின்ன பொருளாதாரம். தூத்துக்குடிக் கடற்கரையில ரெண்டு சரக்கு ரொம்பப் பேர் போனது. ஒண்ணு முத்து, இன்னொண்ணு உப்பு. ரெண்டுமே அந்தக் கடல் கொடுத்ததுதான். ஆனா அனுப்புற விதத்துல ரெண்டும் நேர் எதிர்.

முத்து எடுக்கிறது அரசாங்கக் கட்டுப்பாட்டுல நடந்த தொழில். பிரிட்டிஷ் காலத்துல குறிப்பிட்ட வருஷங்கள்ல மட்டும் முத்துக்குளிப்பு அறிவிப்பாங்க. படகுகள் கூட்டமா கடலுக்குப் போகும். எடுத்து வர்ற சிப்பியில மூணுல ஒரு பங்கு குளிச்சவங்களுக்கு, மீதி அரசுக்கு. அரசோட பங்கை ஆயிரம் ஆயிரமா எண்ணி ஏலம் விடுவாங்க. ஏலம் எடுக்கிறவருக்கு உள்ள முத்து இருக்கா இல்லையான்னே தெரியாது. ஆனா நல்ல முத்து கிடைச்சுட்டா, அதை வெளியூர் கொண்டு போறது ஒரு பிரச்சனையே இல்ல. மடியில முடிஞ்சுக்கிட்டு போகலாம். விலையோட ஒப்பிட்டா எடை ஒண்ணுமே இல்ல. இந்தக் கரையில கடைசி முத்துக்குளிப்பு 1961ல நடந்தது.

உப்பு அப்படியே தலைகீழ். எடை மலை மாதிரி, விலை மடு மாதிரி. உப்பு உற்பத்தியில குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதுலயும் முக்கிய இடம் தூத்துக்குடிக்கு. உப்பு ஏத்துறவருக்கு இன்னொருத்தர் சரக்கோட சேரணும்னு அவசியம் இல்ல. அவர் சரக்கே ஒரு கப்பலை நிரப்பிடும்.

ஆக, முத்துக்கும் கூட்டு வேண்டாம், உப்புக்கும் வேண்டாம். கூட்டு யாருக்கு வேணும்? நடுவுல இருக்கிறவங்களுக்கு. பத்து மூட்டை மிளகாய் வச்சிருக்கிறவர், இருபது சிப்பம் கருவாடு வச்சிருக்கிறவர், அஞ்சு பெட்டி துணி வச்சிருக்கிறவர். கையில தூக்கிட்டுப் போக முடியாது, ஒரு கப்பலையும் நிரப்ப முடியாது. உலக வணிகத்துல சின்ன வியாபாரிகள் எல்லாருமே இந்த நடு இடத்துலதான் நிக்கிறாங்க.

இவங்களுக்குத் தூத்துக்குடியில இருந்த பதில் தோணி. மரத்துல கட்டின, பாய்மரம் வச்ச சரக்குக் கப்பல். ஒரு தோணியில பல வியாபாரிகளோட சரக்கு ஏறும். மூட்டைக்கு மூட்டை குறி போட்டிருக்கும். யாரோட சரக்கு எதுன்னு கணக்கு வச்சு, அடுக்கி, கொழும்பில இறக்கிக் கொடுக்கிற பொறுப்பு தோணிக்காரங்களோடது. தோணியை நடத்துறவருக்குத் தண்டல்னு பேர். 2013ல சாகித்ய அகாடமி விருது வாங்கின ஜோ டி குரூஸோட ‘கொற்கை’ நாவல் இந்தத் தோணி உலகத்தைத்தான் விரிவா காட்டுது. இன்னைக்கும் பழைய துறைமுகத்துல இருந்து தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறி, மளிகை, கட்டுமானப் பொருள்னு ஏத்திக்கிட்டுப் போகுது. பாய்க்குப் பதிலா இன்ஜின் வந்திருக்கு. வேலை அதேதான்.

40,000 பங்கு, ஒரு கப்பல்

19ம் நூற்றாண்டோட பின்பாதியில கதை மாறுது. நீராவிக் கப்பல் வருது. 1876ல ரயில் தூத்துக்குடிக்கு வந்து சேருது. மதராஸ்ல ரயில் ஏறி, தூத்துக்குடியில இறங்கி, கப்பல் பிடிச்சுக் கொழும்பு போறதுதான் அப்ப வழி. தனுஷ்கோடி தலைமன்னார் பாதை 1914லதான் வந்தது. அதுக்கு முன்னாடி இலங்கைக்குப் போற ஆளும் அரிசியும் துணியும் பெரும்பாலும் தூத்துக்குடி வழியாத்தான் போச்சு. கடல் ஆழம் கம்மிங்கிறதால நீராவிக் கப்பல் கரைக்கு வராது. பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். சரக்கைச் சின்ன படகுல கொண்டு போய் ஏத்தணும்.

அந்தக் கடல்வழியைக் கையில வச்சிருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சரக்கைச் சேர்க்கிற இடம் ஒரே கம்பெனி கையில இருந்தா, கட்டணத்தையும் அதுதான் முடிவு பண்ணும். சேர்த்து ஏத்துறதுல வர்ற மிச்சம் வியாபாரிக்கு வராது, கம்பெனியோட லாபத்துல போய்ச் சேரும்.

இங்கதான் வ.உ.சிதம்பரம் பிள்ளை வர்றார். 1906 அக்டோபர் 16ம் தேதி சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாகுது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒண்ணுக்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவின பாண்டித்துரைத் தேவர்தான் தலைவர்.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. பத்து லட்சம் போட ஒரு பெரிய முதலாளியைத் தேடிப் போகலாம். ஆனா வ.உ.சி. அதை 40,000 துண்டா வெட்டினார். தோணியில பத்து வியாபாரி மூட்டையைச் சேர்த்த அதே வித்தையை அவர் முதலீட்டுல பண்ணினார். சரக்கைச் சேர்க்கிறதுக்கு முன்னாடி, சரக்கைச் சேர்க்கிற கப்பலையே சேர்ந்து வாங்கணும். அப்பத்தான் மிச்சம் நம்ம கைக்கு வரும். அவரோட திட்டத்தை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

சொந்தக் கப்பல் வர்ற வரைக்கும் பம்பாய் ஷா லைன் கம்பெனிகிட்ட வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினாங்க. போட்டிக் கம்பெனி அங்க அழுத்தம் கொடுத்து அந்தக் கப்பலை வாபஸ் வாங்க வச்சது. உடனே கொழும்புல இருந்து இன்னொரு கப்பலை வாடகைக்குப் பிடிச்சார் வ.உ.சி. 1907ல காலியா, லாவோன்னு ரெண்டு சொந்தக் கப்பல் வந்தது. ஒவ்வொண்ணுலயும் ஆயிரத்துக்கும் மேல பயணிகளும் 4000 மூட்டைச் சரக்கும் போகலாம்.

அடுத்து நடந்தது ஆப் வச்சு டாக்ஸி கூப்பிட்டுப் பழகின நமக்கு ரொம்பத் தெரிஞ்ச கதை. விலைப்போர். பிரிட்டிஷ் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயா குறைச்சது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாயா குறைச்சது. கடைசியில பிரிட்டிஷ் கம்பெனி இலவசமாவே ஏத்திக்கிட்டுப் போய், கையில ஒரு குடையும் கொடுத்ததுன்னு வ.உ.சி. வரலாறு எழுதின பலரும் சொல்றாங்க.

பயணிக்கு இது கொண்டாட்டம். ஆனா யாரால இலவசமா ஓட்ட முடியும்? பல கடல்வழியில லாபம் பார்க்கிற கம்பெனியால ஒரு வழியில நஷ்டத்தைத் தாங்க முடியும். 25 ரூபாய்ப் பங்குல ரெண்டு கப்பல் வாங்கின கம்பெனியால எவ்வளவு நாள் முடியும்?

கட்டணத்தோட மட்டும் போர் நிக்கல. 1908 மார்ச் 12ம் தேதி வ.உ.சி. கைதாகிறார். மறுநாள் திருநெல்வேலியில எழுச்சி, துப்பாக்கிச்சூடு, உயிரிழப்பு. ஜூலை 7ம் தேதி நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். மேல்முறையீட்டுல அது குறைஞ்சது. 1912 டிசம்பர்ல அவர் வெளிய வரும்போது கம்பெனி இல்ல. 1911லயே அதைக் கலைச்சுட்டாங்க.

நல்ல வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி

இதே காலத்துல உலகம் முழுக்கக் கப்பல் கம்பெனிகள் இன்னொரு ஆயுதமும் வச்சிருந்தாங்க. 1875ல கல்கத்தா வணிகத்துக்காகக் கப்பல் கம்பெனிகள் கூட்டணி போட்டுக் கட்டணத்தைப் பொதுவா நிர்ணயிச்சாங்க. இதுக்கு கான்ஃபரன்ஸ்னு பேர். 1877ல டெஃபர்ட் ரிபேட் வந்தது. அதாவது, நீங்க கட்டுற கட்டணத்துல ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். ஆனா உடனே கிடைக்காது. பல மாசம் கழிச்சு, அதுவும் அந்த இடைவெளியில கூட்டணிக்கு வெளிய ஒரு மூட்டை கூட அனுப்பாம இருந்தா மட்டும்தான் கிடைக்கும். நடுவுல ஒரே ஒரு தடவை வேற கப்பல்ல ஏத்திட்டீங்கன்னா, அதுவரை சேர்ந்த தள்ளுபடி மொத்தமும் போச்சு.

கேஷ்பேக், லாயல்டி பாயின்ட் ஞாபகம் வருதா? தள்ளுபடிங்கிற பேர்ல வாடிக்கையாளரோட பணத்தையே பிணையா பிடிச்சு வைக்கிற ஏற்பாடு. புதுசா ஒரு கப்பல் கம்பெனி வந்தா யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. பிரிட்டன்லயே இது சர்ச்சையாகி, இதை விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் போட்டாங்க. எந்த வருஷம்? 1906. சுதேசிக் கம்பெனி பதிவான அதே வருஷம். 

பெட்டிக்குள்ள பெட்டி

1956 ஏப்ரல் 26ம் தேதி, அமெரிக்காவுல மால்கம் மெக்லீன்ங்கிற லாரி முதலாளி 58 பெட்டிகளை ஐடியல் எக்ஸ் கப்பல்ல ஏத்தி நெவார்க்ல இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கன்டெய்னர் யுகம் அங்க தொடங்குது. தூத்துக்குடிக்குப் புதிய துறைமுகம் 1974ல பெருந்துறைமுகமாச்சு. 1999ல கன்டெய்னர் முனையம் வந்தது. 2011ல துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பேர் வச்சாங்க.

கன்டெய்னர் வந்ததும் நடு வியாபாரிகளோட பிரச்சனை புது உருவத்துல திரும்ப வந்தது. 20 அடி கன்டெய்னர்ல சுமார் 33 கன மீட்டர் இடம். கோவில்பட்டியில கடலை மிட்டாய் பண்ற ஒரு சின்ன யூனிட்டால அதை நிரப்ப முடியாது. அதுக்குத்தான் எல்.சி.எல். முறை. துறைமுகத்துக்குப் பக்கத்துல கன்டெய்னர் ஃப்ரெய்ட் ஸ்டேஷன்னு பெரிய கிடங்குகள் இருக்கு. பல ஏற்றுமதியாளர்களோட சரக்கு அங்க வரும், சுங்கச் சோதனை முடியும், ஒரே கன்டெய்னர்ல அடுக்குவாங்க. கட்டணம் கன மீட்டருக்கு இல்லேன்னா டன்னுக்கு, எது அதிகமோ அதுக்கு. பார்சல் கணக்குல பார்த்த அதே விதிதான்.

இதுல ரெண்டு தாள் உண்டு. கப்பல் கம்பெனி கன்சாலிடேட்டருக்குக் கொடுக்கிறது மாஸ்டர் பில். கன்சாலிடேட்டர் ஒவ்வொரு ஏற்றுமதியாளருக்கும் கொடுக்கிறது ஹவுஸ் பில். கப்பல் கம்பெனிக்குக் கடலை மிட்டாய்க்காரர் யார்னே தெரியாது. அதுக்குத் தெரிஞ்ச ஒரே வாடிக்கையாளர் நடுவுல நிக்கிறவர்தான். தோணித் தண்டலோட பழைய இடத்துல இப்ப அவர் இருக்கார்.

இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் சொல்றேன். சில வழிகள்ல எல்.சி.எல். கட்டணம் கிட்டத்தட்ட பூஜ்யம்னு விலை சொல்லுவாங்க. சில நேரம் ஏத்துறவருக்கே காசு திருப்பிக் கொடுப்பாங்க. அப்போ செலவு எங்க போகுது? சரக்கு இறங்குற ஊர்ல, பிரிச்சுக் கொடுக்கிற கட்டணம், தாள் கட்டணம், கையாளுற கட்டணம்னு வாங்குறவர் தலையில விழும். அனுப்புறவர் கையில குடை, நனையுறது இன்னொருத்தர்.

கூட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஒரே பெட்டியில பத்து பேர் சரக்கு இருந்து, அதுல ஒருத்தரோட தாள்ல கோளாறுன்னா, மொத்தப் பெட்டியும் சுங்கத்துல நிக்கும். 2021 மார்ச் 23ம் தேதி எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாய்ல மாட்டினது ஞாபகம் இருக்கும். அப்புறம் கப்பல் முதலாளி ஜெனரல் ஆவரேஜ் அறிவிச்சார். கடல்ல கப்பலையும் சரக்கையும் காப்பாத்துற செலவை, சரக்கு வச்சிருக்கிற எல்லாரும் மதிப்புக்கு ஏத்தபடி பகிர்ந்துக்கணும்ங்கிற ரொம்பப் பழைய விதி அது. பொம்மை அனுப்பினவரும் அதுல பங்கு, சோபா அனுப்பினவரும் பங்கு. ஜூலை 7ம் தேதிதான் எகிப்து அந்தக் கப்பலை விட்டுச்சு. செலவைப் பகிர்ந்துக்கிறவங்க ஆபத்தையும் பகிர்ந்துக்கிறாங்க.

கொழும்புங்கிற பெரிய கிடங்கு

கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா, துறைமுகங்களும் இதே வேலையைத்தான் பண்ணுது. தூத்துக்குடியில இருந்து கிளம்புற கன்டெய்னர்கள் நிறைய, சின்ன ஃபீடர் கப்பல்ல கொழும்புக்குப் போய், அங்க பெரிய தாய்க்கப்பல்ல ஏறுது. கொழும்பு பல ஊர் கன்டெய்னரைச் சேர்த்துக் கட்டுற இடம். நம்ம பார்சல் கிடங்கோட மிகப் பெரிய வடிவம். அங்க ஏத்தி இறக்குற வருமானம் அந்தத் துறைமுகத்துக்கு. 2024 செப்டம்பர் 16ம் தேதி தூத்துக்குடியில 14 மீட்டருக்கும் மேல ஆழம் உள்ள புது கன்டெய்னர் முனையம் திறந்ததுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு இதுதான். பெரிய கப்பல் இங்கேயே வந்தா, சேர்த்துக் கட்டுற வேலையில ஒரு பங்கு இங்க நிக்கும். 1906ல கேட்ட அதே கேள்விதான், இந்தத் தடவை அரசாங்கமே கேட்குது.

இதுல நமக்கு என்ன இருக்கு? மூணு கேள்வியை எடுத்துக்கோங்க. பார்சல் சேர்க்கிற சர்வீஸ்ல பணம் கட்டுறதுக்கு முன்னாடி, இந்த விலை வீட்டு வாசல் வரைக்குமா, இல்ல அந்த ஊர் துறைமுகம் வரைக்குமான்னு கேளுங்க. நிஜ எடைக்கா, பெட்டி அளவுக்கான்னு கேளுங்க. ஒரு பொருள் சுங்கத்துல மாட்டினா மீதி என்ன ஆகும்னு கேளுங்க. சிறு தொழில் பண்ற நண்பர்களுக்கு நாலாவதா ஒண்ணு: உங்க பக்கத்துல அதே ஊருக்கு அனுப்புற இன்னும் அஞ்சு பேர் இருந்தா, தனித்தனியா ஏஜென்ட்கிட்ட போகாம, ஒண்ணா போய் விலை பேச முடியுமா?

வ.உ.சி. கம்பெனி தோத்துப் போச்சுன்னு ஒரு வரியில முடிக்க எனக்கு மனசு வரல. அந்தக் கம்பெனி ஓடின வரைக்கும் தூத்துக்குடி கொழும்பு கட்டணம் விழுந்துச்சு. சேர்த்துக் கட்டுற இடத்துல ரெண்டாவதா ஒருத்தர் நின்னா போதும், மிச்சத்துல ஒரு பங்கு கீழ வரைக்கும் வரும். அதைக் காட்டத்தான் 40,000 பங்கு வெளியிட்டாங்க. 

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, சரக்கு அனுப்புற தொழில்ல இருக்கிற நண்பர் ஒருத்தருக்குப் பகிருங்க. தூத்துக்குடிக்காரங்க, உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது தோணியில போயிருந்தா, அந்தக் கதையை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.